உயிராகக் கேட்ட ராக் ஆல்பங்கள் இப்போது சப்பென்று இருக்கின்றன... இது நோயா டாக்டர்?

வாசகருக்கு வயது 56. மதுரைக்காரர், பொதுத்துறை வங்கியில் மேலாளர். எண்பதுகளின் பிற்பாதியில் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது, சீனியர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த 90 நிமிட டிடிகே கேசட் ஒன்றுதான் அவரை ராக் பைத்தியமாக ஆக்கியிருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’, மறுபக்கத்தில் பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. வேலை கிடைத்ததும் சிடி, சம்பளம் கூடியதும் எல்பி இசைத்தட்டு என்று சேர்த்துச் சேர்த்து இன்று வீட்டில் ஏறத்தாழ 300 ஆல்பங்கள் இருக்கின்றன. ஒன்றரை வருடமாக அவற்றில் பெரும்பாலானவற்றைக் கேட்கவே பிடிக்கவில்லை என்கிறார். “லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ ஆரம்பித்தாலே கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. ‘டார்க் சைட்’ ஓடுகிறது, நான் வாட்ஸாப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று எழுதியிருக்கிறார்.

மாதம் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் இவர் வீட்டில் கூடி ஓர் ஆல்பத்தை முழுதாகக் கேட்பது வழக்கம். அங்கே கண்ணை மூடித் தலையாட்டி நடிக்க வேண்டியிருக்கிறதாம். கல்லூரியில் படிக்கும் மகள் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பிரவுன் ஷுகர்’ வரிகளைப் போனில் தேடிப் படித்துவிட்டு, “இது எதைப் பத்தின பாட்டுன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களாப்பா?” என்று கேட்டிருக்கிறாள். கேட்காத பொருளை ஏன் வைத்திருக்க வேண்டும், கொடுத்துவிடலாமே என்கிறார் மனைவி. இது மனச்சோர்வா, வயதானால் ரசனை மழுங்கிவிடுமா, அந்தக் காலத்தில் ரசித்ததெல்லாம் வெறும் பந்தாதானா, எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் ஒரு மனநல மருத்துவராகத்தான் படித்தேன். ஆசையாகச் செய்துவந்த ஒன்றில் நாட்டம் போய்விட்டது என்று யார் சொன்னாலும் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். மனச்சோர்வு நோயின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் அது ஒன்று. ஆனால் நாலாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பாடகி ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ ஆல்பத்தை அந்தக் காலத்தில் அழுமூஞ்சிப் பாட்டு என்று ஒதுக்கியவர், போன தீபாவளி விடுமுறையில் தற்செயலாகக் கேட்டு, அன்று இரவே மறுபடி மறுபடி போட்டீர்களாம். அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மனச்சோர்வில் இன்பம் இப்படிப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவதில்லை. சாப்பாடு, நண்பர்கள், வேலை, உறக்கம் என்று எல்லாவற்றின் மேலும் சாம்பல் படிந்துவிடும். காலையில் ஷட்டில் ஆடுகிறீர்கள், பசிக்கிறது, தூங்குகிறீர்கள், மகளின் கேள்வியை நினைத்து யோசிக்கிறீர்கள். 1971இல் வந்த ஒரு ஆல்பத்தை 50 வயதுக்கு மேல் புதிதாகக் கண்டுபிடித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் ‘எனக்கு இன்ப உணர்வே செத்துவிட்டது’ என்ற உங்கள் முடிவோடு நான் ஒத்துப்போக மாட்டேன். இசை மட்டும் எட்டாத மனிதர்கள் உண்டு. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் அவர்களைப் பற்றி எழுதினார்கள். மற்ற எல்லாவற்றையும் ரசிப்பார்கள், பாட்டு மட்டும் வெறும் சத்தமாக இருக்கும். நீங்கள் அந்த ரகமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் மனம் ஒட்டவில்லை, விடியற்காலையில் விழிப்பு வந்து பாரமாக இருக்கிறது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால், ஆல்பத்தையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமனாஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். இன்னொன்று: மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஏற்கெனவே மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரைகளில் சில, சிலருக்கு உணர்ச்சிகளைச் சற்று மட்டுப்படுத்தும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முதலில் காது

மூளையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நீங்கள், காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதாக வீட்டில் புகார். அப்புறம், “இப்போது வாங்கிய ரீமாஸ்டர் சிடியில் சிம்பல் பளிச்சென்று விழுவதில்லை, ஒரே இரைச்சலாக இருக்கிறது.”

வயதோடு வரும் செவித்திறன் குறைவு உயர்ந்த அதிர்வெண்களில்தான் ஆரம்பிக்கும். பாஸ் கிடாரும் ஆண் குரலும் அப்படியே கேட்கும். டிரம்ஸில் இருக்கும் சிம்பல் தட்டின் மினுமினுப்பு, கிடார் தந்தியை நகம் தொடும் ஓசை, ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் முதலில் மங்கும். வருடக்கணக்காக ஹெட்போனில் சத்தமாகக் கேட்டவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் செவித்திறனில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதை ஆடியோகிராம் என்ற செவிச் சோதனை வரைபடத்தில் அடிக்கடி பார்க்கலாம். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டே தன் காது பழுதானதற்கு ஸ்டூடியோ ஹெட்போனைக் குற்றம் சொல்லியிருக்கிறார். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஒரு ஆடியோகிராம் எடுங்கள். ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, ‘பீப்’ கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வலி கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வசதி உண்டு.

நீங்கள் ரீமாஸ்டரை, அதாவது பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிடும் பதிப்பைத் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல மறுபதிப்புகளில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ‘லவுட்னஸ் வார்’ என்று இதற்குப் பேரே உண்டு. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ 2008இல் வந்தபோது ரசிகர்கள் இதற்காகவே சண்டைக்குப் போனார்கள். அதனால் ஒரே ஆல்பத்தின் பழைய எல்பியையும் புதிய சிடியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். சிடியில் மட்டும் சலிப்பு வந்தால் அந்தப் பழி உங்கள் மேல் இல்லை.

சலிப்பு எங்கிருந்து வந்தது

ஒன்றரை வருடம் முன்பு திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி, தினமும் காரில் போய்வருகிறீர்கள். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதைவிடக் கூடுதல். அதற்காக உங்கள் ‘ஆல் டைம் பெஸ்ட்’ ஆல்பங்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டீர்கள். இதை எழுதிய மறு பத்தியிலேயே, ஒன்றரை வருடமாகப் பாட்டு பிடிக்கவில்லை என்கிறீர்கள். இரண்டும் ஒரே ஒன்றரை வருடம்தான்!

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தால் பிரியம் கூடும் என்பது உளவியலில் பழைய பாடம். ஆனால் அது மேலே ஏறிக்கொண்டே போவதில்லை. பழக்கம் கூடக் கூட விருப்பம் ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும் என்று உளவியலாளர் டேனியல் பெர்லைன் கவிழ்த்துப் போட்ட ‘யு’ எழுத்தைப்போல வரைந்து காட்டினார். காரணம் எதிர்பார்ப்பு. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது இது: பாட்டின் உச்ச இடம் வரும்போது மட்டுமல்ல, அதற்குச் சில நொடிகள் முன்பே, வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலேயே மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது. காத்திருப்புக்கு ஒரு துளி நிச்சயமின்மை வேண்டும். அடுத்த நொடி என்ன என்பது விரல் நுனிவரை தெரிந்துவிட்டால் அது விடை தெரிந்த விடுகதை.

‘ஸ்டேர்வே டு ஹெவன்’ முதலில் சாய்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எட்டு நிமிடப் பாட்டு. நான்கு நிமிடம் தாண்டித்தான் டிரம்ஸே நுழைகிறது, அதற்கும் ஒன்றரை நிமிடம் கழித்து ஜிம்மி பேஜின் கிடார் சோலோ. பாட்டு முழுக்கவே காத்திருப்பால் கட்டியது. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வும் அப்படித்தான், கடைசியில் ஈகிள்ஸின் ஃபெல்டரும் வால்ஷும் சேர்ந்து வாசிக்கும் அந்த இரட்டைக் கிடாருக்காகத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஒரே ஒரு மகுடத்தை நம்பிய பாட்டுகள் கேட்கக் கேட்க மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம், அதைப் பாடிய ராபர்ட் பிளான்ட்டே, அந்தப் பாட்டை இனிப் போட மாட்டோம் என்று சொல்லி நன்கொடை கேட்ட ஒரு அமெரிக்க வானொலிக்குப் பணம் அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறார்.

‘ஸ்டேர்வே’ இருக்கும் அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. ஹெட்லி கிரேன்ஜ் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தது. அதில் மகுடம் ஒன்றும் இல்லை, ஒரே கனத்த நடை. அது இன்னும் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், காரில் நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை. வாராக்கடன் கணக்கையும் மண்டல அலுவலகத்தின் போனையும் மறக்க அதைத் திரையாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒன்றரை வருட எரிச்சல் அந்த ஆல்பங்களோடு ஒட்டிக்கொண்டது. இப்போது ஊசியை வைத்ததும் உங்கள் உடம்புக்கு முதலில் ஞாபகம் வருவது வாடிப்பட்டிப் பக்கத்துச் சாலை. பென் டிரைவை இன்றே கழற்றிவிடுங்கள். மூன்று மாதம் காரில் செய்தியோ, பேச்சோ, ஒன்றுமே இல்லாமலோ போய் வாருங்கள்.

‘டார்க் சைட்’டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ‘மனி’யின் கல்லாப்பெட்டி ஓசையும் ‘டைம்’ தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அடிக்கும் கடிகாரங்களும் 1973இல் மாயாஜாலம். இன்று போனிலேயே எவரும் செய்துவிடுவார். அந்தப் புதுமை உதிர்ந்தது உண்மை. ஆனால் ‘டைம்’ வரும்போதுதான் வாட்ஸாப்பைத் திறப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வருடங்கள் கைநழுவிப் போனதைப் பற்றிய அந்த வரிகளை எழுதியபோது ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸுக்கு 30 வயதுகூட ஆகவில்லை. ஹாஸ்டலில் கேட்டபோது உங்களுக்கு அது யாரோ பெரியவர்களின் கதை. ஓய்வுக்கு நான்கு வருடம் இருக்கும்போது கேட்டால்? அந்த இடத்தில் போனைத் தேடுவது சலிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே ஒருமுறை போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

மகள் கேட்ட கேள்வி

இது வேறு வகை. இங்கே உங்கள் மூளைக்கு அலுக்கவில்லை, மனசாட்சி குறுக்கே வருகிறது. ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பிரவுன் ஷுகர்’. அடிமைக் கப்பலும் கறுப்பினப் பெண்கள் மேல் நடந்த வன்முறையும் அதில் ஆட்டம் போட வைக்கும் தாளத்தில் வருகின்றன. ஹாஸ்டலில் நமக்குக் கிடாரும் சாக்ஸஃபோனும் கேட்டன, பாதி வரிகள் புரியவே இல்லை. அதைப் பாடிய மிக் ஜாகரே 1995இல் ஒரு பேட்டியில், இன்றாக இருந்தால் அந்தப் பாட்டை எழுதியிருக்க மாட்டேன் என்றார். 2021 சுற்றுப்பயணத்தில் குழுவே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

“மகளிடம் என்ன பதில் சொல்வது, நான் அந்த மாதிரி ஆள் இல்லையே” என்று தடுமாறுகிறீர்கள். அவள் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தெரிந்துதான் கேட்கிறீர்களா என்று கேட்டாள். “அப்போ தெரியாதும்மா, இப்போ தெரியுது” என்றால் போதும். அதற்குமேல், தாளம் இன்னமும் காலை ஆட்ட வைக்கிறது, வரி உறுத்துகிறது என்றால் இரண்டையும் அப்படியே சொல்லுங்கள். அந்த ஆல்பத்தை இனிக் கேட்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, கேட்டே தீர வேண்டும் என்றும் இல்லை. பழைய சினிமாப் பாட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்களேன், பெண்ணை மட்டம் தட்டும் எத்தனை பாட்டுகளுக்கு நாம் தலையாட்டியிருக்கிறோம்.

அன்று ரசித்தது பந்தாவா?

கொஞ்சம் பந்தாவும் இருந்திருக்கும். அந்தக் கால ஹாஸ்டலில் ஃபிளாய்ட் தெரியும் என்பது ஒரு பாஸ்போர்ட். அதனால் ரசிப்பு பொய்யாகிவிடாது. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட இசை வாழ்நாள் முழுக்க மற்றவற்றைவிட அழுத்தமாக நிற்பதை நினைவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நட்பு, பயம், முதல் காதல், வீட்டைவிட்டு வந்த தனிமை எல்லாம் அதோடு சேர்ந்தே பதிகின்றன.

நல்ல ஆல்பம் என்றால் எப்போதும் நன்றாக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதுதான் சிக்கல். உலகமே அப்படி ரசிப்பதில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003இலும் 2012இலும் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ முதலிடம். 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது அது 24ஆம் இடத்துக்குப் போய்விட்டது. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. ஆல்பத்தில் ஒரு நொடிகூட மாறவில்லை. வாக்குப் போட்டவர்கள் மாறினார்கள்.

விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

ஆறு மாதத்துக்கு ஒன்றையும் விற்காதீர்கள். காது சோதனையும் காரில் மூன்று மாத ஓய்வும் முடியாமல் எடுக்கிற முடிவு அவசர முடிவு. அதுவரை, கேட்டுச் சலித்தவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கண்ணுக்கு மறைவாக வையுங்கள். எல்பிகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மதுரை வெயிலுக்கு வளைந்துவிடும். மழைக்காலத்தில் உறையில் பூஞ்சை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறமும் மனம் வரவில்லை என்றால் தாராளமாக விற்கலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. ஆனால் மொத்தமாக எடைபோட்டுக் கொடுத்துவிடாதீர்கள். எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த நாட்டில் அச்சிட்டது, கீறல் உண்டா என்பதைப் பொறுத்து விலை மாறும். கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சான பழைய இந்தியப் பதிப்புகளைத் தேடும் சேகரிப்பாளர்கள் உண்டு. வீட்டு அம்மாவிடம், ‘ஆறு மாதம் கொடு, பிறகு பாதி அலமாரி உனக்கு’ என்று தேதி குறித்துச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

சனிக்கிழமைக் கூட்டம்

நடிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இது ஒன்றுதான். பிடிக்காததைப் பிடித்ததுபோல மாதாமாதம் நடித்தால், கடைசியில் நண்பர்களையே தவிர்க்க ஆரம்பிப்பீர்கள். ஆல்பம் போனால் பரவாயில்லை, முப்பது வருட நட்பு போகக் கூடாது. ‘எனக்கு இதெல்லாம் கொஞ்ச நாளாக ஏறவில்லைப்பா’ என்று காபி குடிக்கும்போது சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். மற்ற நால்வரில் இன்னும் ஒருவராவது ‘எனக்கும்தான்’ என்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். அடுத்த முறை ஆளுக்கொன்றாக, கூட்டத்தில் யாருமே முழுதாகக் கேட்டிராத ஆல்பம் கொண்டுவரட்டும். உங்கள் முறைக்கு ‘ப்ளூ’வைப் போடுங்கள். அழுமூஞ்சிப் பாட்டு என்று யாராவது கிண்டல் செய்தால் சிரித்துக்கொள்ளுங்கள், முப்பது வருடம் முன்பு அதைச் சொன்னவர் நீங்கள்தான்.

ஆடியோகிராம் எடுத்ததும் அதன் நகலோடு மறுபடி எழுதுங்கள். 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் தெரிந்தால் ஹெட்போனை எவ்வளவு நேரம், எந்த அளவு சத்தத்தில் பயன்படுத்தலாம் என்பதைக் காது மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.